கம்ப்யூட்டர் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகல, ப்ளூ ஸ்கிரீன் வருதுன்னா: ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதப் படிங்க

தம்பி, நீங்க கேட்டதுல நான் புரிஞ்சுகிட்டது இதுதான். குமுளியில ஏலக்காய் கடை, பில் போடுறதுக்கு ஒரு டெஸ்க்டாப், ஏழெட்டு வருஷம் பழசு, விண்டோஸ் 10. மழை புடிச்சதுலேர்ந்து ஒரு நாள் ஃபேன் சுத்துது ஆனா மானிட்டர்ல ஒண்ணும் வரல, இன்னொரு நாள் பூட் டிவைஸ் இல்லன்னு கருப்பு ஸ்கிரீன்ல எழுத்து வருது, வேற நாள் நல்லாவே ஆன் ஆகி பாதி பில்லுல ப்ளூ ஸ்கிரீன் அடிச்சு தானா ரீஸ்டார்ட் ஆகுது. பார்க்க வந்த ஒருத்தர் மதர்போர்டு போச்சுன்னார், இன்னொருத்தர் ஃபார்மட் அடிச்சு புதுசா விண்டோஸ் போட்டா சரியாயிடும்னார். டேலி சாஃப்ட்வேர்ல போட்ட கணக்கு பூரா உள்ள கெடக்கு, கடைசியா பேக்கப் எடுத்து ரொம்ப நாளாச்சு, போடிக்கு சரக்கு அனுப்ப இ-வே பில் போடணும், எத நம்புறதுன்னு தெரியலன்னு எழுதியிருக்கீங்க.

நான் கம்பத்துல இந்த வேலையில ரொம்ப காலமா இருக்கேன், கட்டப்பனை வண்டன்மேடு பக்கத்துலேர்ந்தெல்லாம் மிஷின் கீழ எறங்கி வரும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மொத விஷயம், இப்பவே கைய மிஷின்லேர்ந்து எடுத்துடுங்க. மறுபடி மறுபடி ஆன் பண்ணி ஆன் பண்ணி பார்க்காதீங்க. ஃபார்மட்ட பத்தி யாரும் பேசவே கூடாது. மிஷின்ல இருக்கிற எல்லா பார்ட்டும் கடையில கெடைக்கும், உங்க கணக்கு எந்த கடையிலயும் கெடைக்காது. ஹார்ட் டிஸ்க் சாகிற நெலமையில இருந்தா ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் இருக்கிற கொஞ்ச உயிரும் போகும், அதுக்கு மேல டிஸ்க்க சோதிக்கிற விண்டோஸோட செக் டிஸ்க்க ஓட விட்டா அது டிஸ்க் முழுக்க போட்டு உருட்டி எடுக்கும், நல்லா படிக்க முடிஞ்ச ஃபைலும் படிக்க முடியாம போயிடும். அதனால டேட்டா வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் மத்த எல்லாமே.

டேட்டாவ எப்படி எடுக்கிறது? ரெண்டு வழி. ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்க கழட்டி சாட்டா டு யூஎஸ்பி கேபிள் ஒண்ணு வாங்கி வேற நல்ல கம்ப்யூட்டர்ல மாட்டி காப்பி எடுக்கிறது. டெஸ்க்டாப்ல வர்ற 3.5 இன்ச் டிஸ்க்குக்கு யூஎஸ்பி பவர் பத்தாது, 12 வோல்ட் அடாப்டரோட வர்ற கேபிளா பார்த்து வாங்கணும். இன்னொண்ணு, வேற கம்ப்யூட்டர்ல ரூஃபஸ் மாதிரி சாஃப்ட்வேர் வெச்சு ஒரு பென் டிரைவ்ல விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டு போட்டு அதுலேர்ந்து பூட் பண்றது. இன்ஸ்டால்னு கேக்கும், அத தொடவே கூடாது, ட்ரைங்கிறத மட்டும் குடுங்க, அப்ப உங்க டிஸ்க்குல எதுவும் எழுதாது, ஃபோல்டர தொறந்து வெளி டிரைவுக்கு காப்பி பண்ணிக்கலாம். ஆனா உங்க மிஷின் பாதியில நிக்கிற மிஷின், அதனால மொத வழிதான் உங்களுக்கு நல்லது. டேலி ப்ரைம்னா பெரும்பாலும் சி டிரைவ்ல யூசர்ஸ், அதுக்குள்ள பப்ளிக், அதுக்குள்ள டேலி ப்ரைம், அதுக்குள்ள டேட்டாங்கிற ஃபோல்டர், அங்க 10000, 100000 இந்த மாதிரி நம்பர் பேர்ல கம்பெனி ஃபோல்டர் இருக்கும், அத அப்படியே முழுசா எடுங்க. அங்க இல்லன்னா டி டிரைவ்ல வெச்சிருப்பாங்க, தேடிப் பாருங்க. டெஸ்க்டாப்ல கெடக்கிற எக்ஸெல், ஜிஎஸ்டி ஃபைல், பார்ட்டி போட்டோ எல்லாம் சேர்த்து எடுத்துடுங்க. டிஸ்க்கு டக் டக்னு சத்தம் போட்டா இல்ல காப்பி பாதியில உறைஞ்சு நின்னா அங்கயே நிறுத்திட்டு ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, அது வீட்டு வேலை இல்ல.

இடையில ஒண்ணு, டிஸ்க் தொறக்கிறப்ப பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) கீ கேட்டா பதறாதீங்க, அது 48 இலக்க நம்பர், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா அந்த அக்கவுண்ட்லயே சேவ் ஆகியிருக்கும். ஏழெட்டு வருஷ டெஸ்க்டாப்ல பெரும்பாலும் கேக்காது, புது லேப்டாப் வெச்சிருக்கவங்களுக்குத்தான் இது முக்கியம், பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு செட்டிங்ல, கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த நம்பர எழுதி வெச்சுக்கணும்.

சரி, டேட்டா வெளிய வந்தாச்சுன்னு வைங்க. இப்ப கோளாறு எங்கன்னு பார்ப்போம்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது படிப்படியா நடக்கிற வேலை. சுவிட்ச் போட்டதும் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டுக்குள்ள இருக்கிற பவர் சப்ளை டப்பா, கரண்ட் குடுக்கணும், மதர்போர்டு ப்ராசஸரையும் ரேமையும் சோதிக்கணும், டிஸ்ப்ளே வரணும், பயாஸ் டிஸ்க்க கண்டுபிடிக்கணும், அப்புறந்தான் விண்டோஸ். எந்தப் படியில நிக்குதோ அந்தப் படியிலயும் அதுக்குக் கீழ இருக்கிற படியிலயுந்தான் கோளாறு தேடணும். மானிட்டர்ல கம்பெனி லோகோவே வராத மிஷினுக்கு விண்டோஸ் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, விண்டோஸ் வரைக்கும் போகவே இல்லையே. அதனால உங்களுக்கு ஃபார்மட் சொன்னவர் சொன்னது மொத கோளாறுக்கே பொருந்தல.

இப்ப உங்க கேஸப் பாருங்க, மூணு நாள் மூணு படியில நிக்குது. எனக்கு இதுதான் முக்கியமான துப்பு. ரேம், டிஸ்க், விண்டோஸ் மூணும் ஒரே மாசத்துல சேர்ந்து கெட்டுப்போறது ரொம்ப அபூர்வம். மூணுக்கும் பொதுவா கீழ என்ன இருக்கோ அதத்தான் மொதல்ல சந்தேகப்படணும், அது கரண்ட். மழை ஆரம்பிச்சப்ப ஆரம்பிச்சதுன்னு வேற சொல்றீங்க, அதனால என் சந்தேகம் வரிசையா யூபிஎஸ், எர்த்து, எஸ்எம்பிஎஸ், அப்புறம் ரேம் காண்டாக்ட். மதர்போர்டு கடைசியில.

யூபிஎஸ்லேர்ந்து ஆரம்பிங்க. கடைகள்ல இருக்கிற சின்ன யூபிஎஸ்ல 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு இருக்கும், அது ரெண்டு மூணு வருஷந்தான் தாங்கும். பேட்டரி செத்தாலும் யூபிஎஸ்ல பச்சை லைட் எரிஞ்சுகிட்டேதான் இருக்கும், அதனால யாருக்கும் தெரியாது. மலையில மழைக்காலத்துல கெளை முறிஞ்சு கம்பியில உரசும், லைட் ஒரு கண்சிமிட்டு சிமிட்டும், அந்த நேரத்துல யூபிஎஸ் பேட்டரிக்கு மாறப் பார்க்கும், பேட்டரியில ஒண்ணும் இல்ல, மிஷின் பட்டுனு விழுந்து எந்திரிக்கும். இப்படி விண்டோஸ் எழுதிகிட்டு இருக்கிறப்ப தெனமும் விழுந்தா ஃபைலும் கெடும், டிஸ்க்கும் கெடும். சோதிக்கிறது சுலபம், கம்ப்யூட்டர கழட்டிட்டு யூபிஎஸ்ல ஒரு 60 வாட் குண்டு பல்ப் மாட்டி சுவத்து சுவிட்ச்ச ஆஃப் பண்ணுங்க, பல்ப் நின்னு எரியணும். சில நொடியிலயே அணைஞ்சா பேட்டரி மாத்துங்க. இன்னொண்ணு, லேசர் பிரிண்டர யூபிஎஸ்ல மாட்டியிருக்கீங்களா? அதுக்குள்ள ஹீட்டர் இருக்கு, பிரிண்ட் குடுத்ததும் சட்டுனு நெறைய கரண்ட் இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது. நீங்க பாதி பில்லுல ரீஸ்டார்ட் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க, பிரிண்ட் குடுக்கிற நேரத்துலதான் ஆகுதான்னு கவனிங்க. ஆமான்னா பிரிண்டர நேரா சுவத்து பாயிண்ட்ல மாட்டுங்க, பாதிப் பிரச்சினை அன்னைக்கே போயிடலாம்.

எர்த்து. இத நான் கொஞ்சம் அழுத்தி சொல்றேன், ஏன்னா மலை ஊர்ல பத்துக்கு அஞ்சு கடையில இது சரியா இருக்கிறதில்ல. கேபினட்ட தொட்டா சுர்ருனு இழுக்குதா? டெஸ்டர் வெச்சா மினுக்குதா? அப்ப எர்த்து இல்லன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள ஃபேஸ்லேர்ந்து பாடிக்கும் நியூட்ரல்லேர்ந்து பாடிக்கும் சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க, வர்ற இரைச்சல எர்த்துக்கு அனுப்புறதுக்கு. எர்த்து இல்லாதப்ப கேபினட் 230 வோல்ட்டுல ஏறக்குறைய பாதியில மெதந்துகிட்டு நிக்கும், கரண்ட் ரொம்ப கம்மிங்கிறதால ஆளக் கொல்லாது, ஆனா யூஎஸ்பி வழியா எடை மெஷின், பிரிண்டர், மோடம்னு எல்லாத்துலயும் அது பாயப் பார்க்கும், மிஷின் ஹேங் ஆகும், யூஎஸ்பி போர்ட் போகும். ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டியிருந்தா இன்னைக்கே தூக்கிப் போடுங்க. எலெக்ட்ரீஷியன கூப்ட்டு மீட்டர் வெச்சு பார்க்கச் சொல்லுங்க, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு காட்டுதோ ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே காட்டணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல இருந்தா ஏதோ தப்பு. பாறை நெலத்துல எர்த்து குழி சரியா எடுக்கலன்னா கோடையில காஞ்சு வேலைக்கு ஆகாம போயிடும், கரியும் உப்பும் போட்டு நல்லா எறக்கச் சொல்லுங்க. இத நீங்களா கை வெச்சு செய்யாதீங்க தம்பி, எலெக்ட்ரீஷியன் வேலை அது.

அடுத்து எஸ்எம்பிஎஸ். மொதல்ல வாசம் பாருங்க, கருகின வாசம் வந்தா முடிஞ்சது. பின்னாடி ஃபேன் சுத்துதா பாருங்க. பல்லி, எறும்பு உள்ள போய் ஷார்ட் ஆனத நான் நெறைய பார்த்திருக்கேன், மழைக்கு கதகதப்பு தேடி அதுங்க அங்கதான் போகும். மீட்டர் இருந்தா மிஷின் ஓடிகிட்டு இருக்கிறப்பவே பாருங்க, மஞ்சள் ஒயருக்கும் கருப்புக்கும் 12 வோல்ட், சிவப்புக்கும் கருப்புக்கும் 5, ஆரஞ்சுக்கும் கருப்புக்கும் 3.3 வரணும், அஞ்சு சதவீதம் மேல கீழ இருக்கலாம், அதாவது 12ங்கிறது 11.4லேர்ந்து 12.6க்குள்ள. மிஷின் சும்மா நிக்கிறப்ப 12 காட்டிட்டு லோடு ஏறுனதும் 11க்கு எறங்குதுன்னா அதுதான் உங்க ஆளு. ஆனா மீட்டர் சரியா காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் நல்லதுன்னு முடிவு கட்ட முடியாது, கணப்பொழுது எறங்குறத மீட்டர் காட்டாது, அதனால தெரிஞ்ச கடையில ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸ ரெண்டு நாளைக்கு வாங்கி மாட்டிப் பார்க்கிறதுதான் சரியான சோதனை. அந்த டப்பாவ மட்டும் எக்காரணம் கொண்டும் தொறக்காதீங்க, ஒயர உருவுன பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் வரைக்கும் தங்கியிருக்கும். புதுசு வாங்கினா 80 ப்ளஸ்ங்கிற தர முத்திரை இருக்கிறதா வாங்குங்க, 450 வாட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டி கையில தூக்குனா காத்து மாதிரி இருக்கிறத வாங்காதீங்க.

ரேம். ஃபேன் சுத்தும் டிஸ்ப்ளே வராதுன்னா மொதல்ல கை வைக்க வேண்டிய எடம் இது. மலை ஈரத்துல அந்த காண்டாக்ட்ல பாசி புடிச்ச மாதிரி ஒரு படலம் வரும். பவர் ஒயர உருவிட்டு, பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அமுக்கி மிச்சம் இருக்கிற கரண்ட்ட வெளியேத்திட்டு, ரேம கழட்டி, தங்க நெறத்துல இருக்கிற பல்ல வெள்ளை ரப்பரால மெதுவா தேய்ச்சு, பொடிய பிரஷ்ல தட்டிட்டு, ரெண்டு பக்கமும் கிளிக்குன்னு பூட்டு விழுற வரைக்கும் அமுக்கி மாட்டுங்க. வாயால ஊதாதீங்க, எச்சி போயி அரிக்கும். ரெண்டு ரேம் இருந்தா ஒண்ண மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்க, அப்புறம் மத்தத. பென் டிரைவ்ல ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86ங்கிற சாஃப்ட்வேர் போட்டு ராத்திரி பூரா ஓட விடுங்க, காலையில எர்ரர் பூஜ்யம்னு இருக்கணும், ஒண்ணே ஒண்ணு காட்டினாலும் அந்த ரேமோ ஸ்லாட்டோ சரியில்ல, ஒண்ணுதானேன்னு விடக்கூடாது, அந்த ஒரு எர்ரர் உங்க கணக்குல ஒரு நம்பர மாத்தி எழுதும்.

இனி, யாரும் சொல்லாத ஒரு சின்ன பொருள். மதர்போர்டுல ஒரு ரூபா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். ஏழெட்டு வருஷத்துல அது பெரும்பாலும் எறங்கியிருக்கும். மெயின் கரண்ட் போறப்பல்லாம் பயாஸ் செட்டிங் மறந்து ஃபேக்டரி செட்டிங்குக்கு போயிடும், தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், ஜிஎஸ்டி சைட்ட தொறந்தா பாதுகாப்பு இல்லன்னு எச்சரிக்கை வரும். இதுல பெரிய தலைவலி என்னன்னா டிஸ்க்க எந்த மோடுல படிக்கணும், ஐடிஇயா ஏஹெச்சிஐயாங்கிற செட்டிங்கும் மாறிடலாம், பூட் ஆகிற முறை யூஇஎஃப்ஐயா லெகஸியாங்கிறதும் மாறிடலாம். அப்ப டிஸ்க் நல்லா இருந்தும் பூட் டிவைஸ் இல்லன்னு சொல்லும், இல்லன்னா விண்டோஸ் லோகோ வந்து இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்னு ப்ளூ ஸ்கிரீன் அடிக்கும். இத தெரியாம ஃபார்மட் அடிச்சு கணக்கு பூரா போனவங்க இருக்காங்க, எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. நீங்க சொன்ன ரெண்டாவது கோளாறுக்கு இது ரொம்பப் பொருந்துது. மிஷின் ஆன் ஆகிறப்ப கடிகாரம் தப்பா இருக்கான்னு பாருங்க. பேட்டரி மாத்துறது சின்ன செலவு, மாத்திட்டு பயாஸ்ல போய் தேதிய சரி பண்ணி, டிஸ்க் மோட ஏஹெச்சிஐக்கும் ஐடிஇக்கும் ஒரு தடவ மாத்தி மாத்தி பூட் பண்ணிப் பாருங்க, எதுல விண்டோஸ் வருதோ அதுல விட்டுடுங்க. அந்த நல்லா இருக்கிற செட்டிங் ஸ்கிரீன எல்லாம் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

டிஸ்க் கேபிளையும் ஒரு தடவ கழட்டி மாட்டுங்க, முடிஞ்சா சாட்டா கேபிள் புதுசு போட்டுடுங்க. டிஸ்க்கோட ஆரோக்கியத்த கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர்ல பாருங்க. 05, சி5, சி6 இந்த மூணு வரியில மூல எண் (ரா வேல்யூ) பூஜ்யமா இருக்கணும், இருக்கிற எண் வாரா வாரம் ஏறுதுன்னா டிஸ்க்க மாத்துறதத் தவிர வேற வழி இல்ல. சி7 மட்டும் ஏறினா அது பெரும்பாலும் கேபிள், டிஸ்க் மேல பழி போடாதீங்க. எப்படியும் நீங்க இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்குல ஓட்டுறீங்கன்னா ஒரு எஸ்எஸ்டிக்கு மாறிடுங்க.

சூடு பத்தி சுருக்கமா. ஆன் பண்ணி பத்து இருபது நிமிஷம் கழிச்சு மட்டும் ஆஃப் ஆகுதுன்னா சூடு. ஏலக்காய் கடையில காய் சலிக்கிற தூசி ப்ராசஸர் ஃபேன்ல போய் மெத்தை மாதிரி படியும், ப்ளோவர் வெச்சு அடிங்க, அடிக்கிறப்ப ஃபேன் றெக்கைய வெரலால புடிச்சுக்குங்க, அதுபாட்டுக்கு வேகமா சுத்தினா கெட்டுப்போகும். தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்கும், மாத்திடுங்க.

இதெல்லாம் முடிச்சும் ப்ளூ ஸ்கிரீன் வந்தா இப்பத்தான் விண்டோஸ் பக்கம் வரணும். ரீஸ்டார்ட் ஆகுறதுக்குள்ள எழுத்து மறைஞ்சிடுதுன்னா ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்ல ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்ட நிறுத்தலாம். அந்த எடத்துக்கு எப்படி போறதுன்னா, விண்டோஸ் லோகோ வர்றப்ப பவர் பட்டன அமுக்கி அணைக்கணும், தொடர்ந்து ரெண்டு மூணு தடவ அப்படி செஞ்சா ரிப்பேர் ஸ்கிரீன் தானா வரும், டேட்டா எடுத்ததுக்கு அப்புறம் மட்டும் இத செய்ங்க. ப்ளூ ஸ்கிரீன்ல வர்ற பேர எழுதி வைங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரா வந்தா பெரும்பாலும் ரேமோ கரண்ட்டோ, எப்பவும் ஒரே பேரும் ஒரே ஃபைலும் வந்தா டிரைவர், அதாவது ஒரு பார்ட்ட ஓட்டுற சாஃப்ட்வேர். சேஃப் மோடுல (அவசியமானத மட்டும் வெச்சு விண்டோஸ் ஓடுறது) மணிக்கணக்கா நல்லா ஓடுது சாதாரணமா ஓட்டினா விழுதுன்னாலும் டிரைவர், இல்ல கூடவே ஸ்டார்ட் ஆகிற ஏதோ சாஃப்ட்வேர். 2024 ஜூலை 19 அன்னைக்கு கிரௌட்ஸ்டிரைக்ங்கிற செக்யூரிட்டி கம்பெனியோட ஒரு தப்பான அப்டேட்டால உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மிஷின் ப்ளூ ஸ்கிரீன்ல விழுந்துச்சு, நம்ம நாட்டு ஏர்போர்ட்ல போர்டிங் பாஸ் கையால எழுதிக் குடுத்தாங்க, அந்த மிஷின்கள்ல ஒரு பார்ட்டும் கெடல, சேஃப் மோடுல போயி ஒரு ஃபைல அழிச்சதும் எந்திரிச்சிடுச்சு. ப்ளூ ஸ்கிரீன்னதும் மதர்போர்டுன்னு சொல்றவங்ககிட்ட இத ஞாபகப்படுத்துங்க.

விண்டோஸ் நடந்தத எல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும். அத காட்டி எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு சிலபேர் சொல்லுவாங்க, அது தப்பு, மிஷின் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுங்கிறதத்தான் அந்த வரி சொல்லுது. அதுக்குள்ள டீடெய்ல்ஸ்ல பக்செக் கோடுன்னு இருக்கிறது பூஜ்யமா இருந்தா கரண்ட் பட்டுனு போயிருக்கு இல்ல மிஷின் உறைஞ்சிருக்கு, வேற நம்பர் இருந்தா ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கு. இதையும் பாருங்க, உங்க கேஸுல பூஜ்யமும் நம்பரும் கலந்து வரும்னு நெனைக்கிறேன்.

மதர்போர்டுக்கு வர்றேன். ப்ராசஸர சுத்தி இருக்கிற சின்ன உருளை கெப்பாசிட்டரோட தலை தட்டையா இருக்கணும், உப்பியிருந்தாலோ பழுப்பா கசிஞ்சிருந்தாலோ போர்டு சந்தேகந்தான், நல்ல சர்வீஸ் ஆளு அத மட்டும் மாத்திக் குடுப்பார். நல்ல எஸ்எம்பிஎஸ், சோதிச்ச ஒரே ஒரு ரேம், புது சிஆர்2032 பேட்டரி மட்டும் வெச்சு, டிஸ்க், டிவிடி, யூஎஸ்பி எல்லாத்தையும் கழட்டிட்டு ஆன் பண்ணியும் டிஸ்ப்ளே வரலன்னா அப்ப மதர்போர்டுன்னு சொல்றத நான் ஒத்துக்குவேன். அதுக்கு முன்னாடி சொன்னா காசு குடுக்காதீங்க.

இது எல்லாம் சரியாகி ஓட ஆரம்பிச்சதும் ரெண்டு வேலை பாக்கி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டோட வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்னைக்கு முடிஞ்சிடுச்சு, பில்லும் பேங்க்கும் பார்க்கிற மிஷின்ல அத ரொம்ப நாள் வெச்சிருக்காதீங்க, உங்க ப்ராசஸர் 11க்கு தகுதியான்னு மொதல்ல பாருங்க. அப்புறம் ஐப்பசி துலா மழை நேரத்துல சாயந்தரம் இடி ஆரம்பிச்சா ப்ளக்க மட்டும் உருவாம மோடம்லேர்ந்து வர்ற லேன் கேபிளையும் கழட்டுங்க, மின்னல் அந்த வழியாவும் வந்து போர்ட எரிக்கும். டேலி பேக்கப் கடை சாத்துறப்ப தெனமும் ஒரு பென் டிரைவ்ல, வாரம் ஒரு தடவ வேற ஒண்ணுல, அந்த ரெண்டாவது வீட்டுல இருக்கட்டும்.

டேட்டா வெளிய எடுத்ததும் மொதல்ல பல்ப் டெஸ்ட், கேபினட் சுர்ருனு இழுக்குதா, கடிகாரம் தப்பா இருக்கா, பிரிண்ட் குடுக்கிறப்ப விழுதா, இந்த நாலையும் பார்த்துட்டு எழுதுங்க, அடுத்து எதுல கை வைக்கிறதுன்னு சொல்றேன். போடிக்கு போற சரக்குக்கு இ-வே பில் அவசரம்னா போன்லயே அந்த போர்ட்டல தொறந்து போட்டுக்கலாம், அதுக்காக இந்த மிஷின திரும்ப ஆன் பண்ண வேணாம்.